மூன்றாவது அடுக்கு

எனக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. தின்றால் உதடு தடித்துவிடும், இரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்காருபவருக்கு அதில் லாபம், வேறு யாருக்கும் தொல்லையில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கும் ஐயா. சிலருக்குச் சாப்பாடு, சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஊசி. எங்கள் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஆகாத மருந்தின் பெயர்கூடத் தெரியாது. தெரிந்துவைத்துக்கொள்வது எங்கள் வேலை.

என் பெயர் சிலுவைராஜ். வயது நாற்பத்தேழு. ஜாலான் புசார் பக்கம் ஒரு தர்ம அறக்கட்டளை நடத்தும் கிளினிக்கில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். முதலில் மருந்து ஸ்டோரில் கிளார்க். இப்போது கம்ப்யூட்டர் அதிகாரி. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் தமிழ் பேசுவது எனக்கு வசதி.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். வருகிற சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவுகளையெல்லாம் அங் மோ கியோவிலும் பிடோக்கிலும் திறக்கப்போகும் இரண்டு புதுக் கிளைகளுக்கு நகலெடுத்து அனுப்பப்போகிறார்கள். அந்தப் பதிவுகளில் பதினெட்டுப் பேருடையது தவறு. இன்ன மருந்து ஆகாது என்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. சனிக்கிழமைக்குப் பிறகு ஓர் இடத்தில் இருக்கும் தவறு மூன்று இடத்தில் இருக்கும். அதை ஆறு வாரம் தள்ளிப்போடும்படி நீங்கள் சொன்னால் அறக்கட்டளைக்காரர்கள் கேட்பார்கள். நான் சொன்னால் காரணம் கேட்பார்கள்.

காரணத்தை உங்களிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அட்டைகள் இருந்தன. ஒரு குடும்பத்துக்கு ஓர் உறை. உறைக்குள் ஆளுக்கோர் அட்டை. யாருக்காவது ஒரு மருந்து ஆகாதென்றால் அவருடைய அட்டையில் சிவப்புத் தாள் ஒன்றைக் குண்டூசியால் குத்தி, அதில் மருந்தின் பெயரை எழுதுவோம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் பிலோமினம்மாள். கவுன்டரில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியின்போது எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். உறையைத் திறக்கவே மாட்டார். வெளியிலிருந்து விரலால் ஒரு தடவு தடவி, உள்ளே குண்டூசி தட்டுப்பட்டால், "டாக்டர், சிவப்பு இருக்கு, பாத்துக் குடுங்க" என்று குரல் கொடுப்பார்.

எண்பத்தாறில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். யாராவது ஒருவர் படிக்க வேண்டும் என்றார்கள், நான் கை தூக்கினேன். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் செம்பவாங் கடற்படைத் தளத்தை மூடிவிட்டுப் போனபோது வேலை போன கிளார்க்குகளில் நானும் ஒருவன். பதினான்கு மாதம் வீட்டில் இருந்தேன். நான் வீட்டில் இருப்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாது என்று என் மனைவி உர்சுலா பகலில் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். அந்தப் பதினான்கு மாதத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் எட்டு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் புரோகிராம் எழுதப் படித்தேன். வகுப்பில் எல்லோருக்கும் என் மகன் வயது. அங்கிள் என்று கூப்பிட்டார்கள்.

அட்டை இருந்த மாதிரியே மூன்று அடுக்காக எழுதினேன். முதல் அடுக்கில் குடும்பம். இரண்டாவது அடுக்கில் அந்தக் குடும்பத்து ஆட்கள். மூன்றாவது அடுக்கில் ஆளுக்கு ஆகாத மருந்து. ஒரே ஒரு வித்தியாசம். அட்டையில் சிவப்புத் தாள் அட்டையோடேயே இருக்கும். கம்ப்யூட்டரில் ஆளின் பதிவுக்குள் மருந்தின் பெயர் இருக்காது. அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்ற இட எண் மட்டும் இருக்கும். அதுதான் முறை, இடம் மிச்சமாகும், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பிறகு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நிஜப் பதிவுகளில் கை வைத்துப் பழக முடியாது. அதனால் எல்லாவற்றையும் நகலெடுத்துப் 'பயிற்சி' என்று தனியாக ஒன்று வைத்தேன். இதில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நிஜத்துக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அறக்கட்டளைத் தலைவர் துரைசாமி சார் முன்னிலையில் நிரூபித்தும் காட்டினேன். பயிற்சியில் ஒருவர் பெயரை மாற்றினேன். நிஜத்தைத் திறந்தேன். அங்கே பழைய பெயரே இருந்தது. கை தட்டினார்கள்.

பெயர் இரண்டாவது அடுக்கில் இருப்பது. மூன்றாவது அடுக்கை நான் சோதிக்கவில்லை.

ஆளின் பதிவை நகலெடுத்தால் அதற்குள் இருக்கும் இட எண்ணும் நகலாகும். அந்த எண் காட்டும் இடம் நகலாகாது. என் வீட்டு முகவரியை உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டால் உங்களுக்கு ஒரு வீடு கிடைத்துவிடாது அல்லவா? இரண்டு பேர் நோட்டிலும் முகவரி இருக்கும், இருப்பது ஒரே கதவு. அப்படித்தான். பயிற்சியில் இருந்த சம்சுன்னிசா என்ற நோயாளிக்கும் நிஜத்தில் இருந்த அதே சம்சுன்னிசாவுக்கும் சேர்த்து ஒரே சிவப்புத் தாள்தான் இருந்தது. எந்தப் பக்கமிருந்து போய்க் கிழித்தாலும் கிழிவது அது ஒன்றுதான்.

மூன்று சனிக்கிழமை மத்தியானங்கள் பயிற்சி நடந்தது. சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது. அழிக்கப் பழக வேண்டுமென்றால் அழிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அதனால் சிவப்புத் தாள் உள்ளவர்களாகத் தேடி எடுங்கள் என்று சொன்னேன். தேடி எடுத்தார்கள்.

எனக்குத் தெரியவந்தது ஒரு வியாழக்கிழமை. முத்துசாமி என்றொரு பெரியவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எப்போது வந்தாலும் ஒரே கேள்வி கேட்பார். அன்று கவுன்டரில் நான் நின்றிருந்தேன்.

"தம்பி, எனக்கு ஆஸ்பிரின் ஆகாதுன்னு உன் டிவியில போட்டிருக்கா, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். 'நில்' என்று இருந்தது. ஒன்றுமில்லை என்பதற்கு நாங்கள் போடும் சொல்.

"என்ன தம்பி, முழிக்கிற?"

"இல்லீங்க, இதுல வரல."

"வரலையா? அப்ப உன் மெஷின் என்னைக் குணப்படுத்திடுச்சு லா. டாக்டருக்கு இனி வேலையில்ல."

அவர் பதிவில் ஆஸ்பிரின் என்று எழுதி அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்தேன். பயிற்சியைத் திறந்தேன். அங்கேயும் ஆஸ்பிரின் என்று வந்திருந்தது. நான் அங்கே எழுதவில்லை. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. யார் எப்போது எந்தப் பதிவைத் தொட்டார்கள் என்று மெஷின் தானாகவே வரிவரியாகக் குறித்துவைக்கும். அதை அச்செடுத்தேன். அறுபத்தொரு பேர். யாருடையது அழிந்தது என்று இருந்தது. என்ன மருந்து அழிந்தது என்று இல்லை. பாதுகாப்புக்காகப் பிளாப்பியில் எடுத்து வைப்பது இரண்டே செட், வாரம் மாற்றி வாரம் அதன் மேலேயே எழுதுவோம். மூன்று வாரத்தில் இரண்டும் போய்விட்டன.

அட்டைகள் மட்டும் இருந்தன. மாடிப்படிக்குக் கீழே ஸ்டோர் ரூமில், பிலோமினம்மாள் கட்டுக் கட்டாகக் கட்டி அடுக்கி வைத்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவற்றை எடுத்துப்போகக் காராங்குனிக்காரரை, பழைய பேப்பர் வாங்குகிறவரை, நானே வரச்சொல்லியிருந்தேன். அந்த அறைக்கு ஏர்கான் போட்டுக் கம்ப்யூட்டரை வைப்பதாக ஏற்பாடு. பிலோமினம்மாள் அதற்கு முந்தின வாரமே தடுத்துப் பார்த்தார்.

"ஒரு வருஷம் வச்சிருப்போம் சார். மெஷினுக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னா யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

முன்பெல்லாம் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து சார்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அறுபத்தொரு அட்டைகளையும் உருவிவிடலாம் என்பது எண்ணம். அவர் போட்ட முடிச்சு நகத்துக்கு அவிழவில்லை. முதல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தபோது துரைசாமி சார் வந்துவிட்டார்.

"என்ன சிலுவை, பழைய காதலியப் பிரியற மாதிரி கட்டிப்பிடிச்சிட்டு உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்ல சார். கயிறு லூசா இருக்கு."

"அதை அவன் கட்டிக்குவான் லா. நாலு மணிக்கு ஏர்கான் ஆளு வர்றான். ரூம் காலியா இருக்கணும். அந்தம்மா வேற, வச்சிருக்கணும் வச்சிருக்கணும்னு உயிரை எடுக்குது. எல்லாம் மெஷின்ல இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"ஷ்யூர் தானே?"

"ஷ்யூர் சார்."

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தது. அவர் பத்து நாளுக்கு முன்னால்தான் ஒரு கூட்டத்தில் என்னை மேடையேற்றி, நாற்பத்தைந்து வயதில் கம்ப்யூட்டர் படித்த நம்ம ஆள் என்று தோளில் கை போட்டிருந்தார். அந்தப் பதவியில் அப்போது நான் தற்காலிகம்தான். மாத முடிவில் நிரந்தரமாக்குவதாக இருந்தது. மூன்று மணிக்கு வண்டி வந்தது. காராங்குனிக்காரர் வயதானவர், தனியாள். நானும் கூடப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

அன்றைக்கே மூன்றாவது அடுக்கையும் சேர்த்து நகலெடுக்கும்படி புரோகிராமைத் திருத்திவிட்டேன். ஏழு வரி. அதற்குப்பின் அந்தத் தவறு நடக்கவே இல்லை. இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலை மேசை டிராயரில் வைத்தேன். வருகிறவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு நிரப்பிவிடுவது என்று திட்டம். நியாயமான திட்டம். முதல் மூன்று வாரத்தில் ஆறு பேரை நிரப்பினேன்.

சம்சுன்னிசா வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, பத்தே காலுக்கு. வயது முப்பத்துநாலு. வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். அவர் கணவர் ரவூப் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இரும்புச் சாமான் கடையில் வேலை. தொண்டையில் சீழ் வைத்துக் காய்ச்சல், பேச முடியவில்லை. அன்று எங்கள் வழக்கமான டாக்டர் லீவு. வேறொரு டாக்டர் பதிலாக வந்திருந்தார். கவுன்டரில் அச்சாகும் சீட்டைப் பார்த்துத்தான் அவர் மருந்து எழுதுவார்.

பிலோமினம்மாள் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"சார், சம்சுன்னிசா வந்திருக்கு. ரவூபு சம்சாரம். சீட்டுல நில்னு வருது."

"சரி."

"சரியில்ல சார். அதுக்குச் சிவப்பு இருந்துச்சு. பென்சிலின். நான்தான் குத்துனேன், நல்லா ஞாபகம் இருக்கு."

"எந்தச் சம்சுன்னிசா? நம்மகிட்ட மூணு பேரு இருக்காங்க."

"ரவூபு வீட்டுது சார். தையக்காரம்மா."

"சேக் தாவூது வீட்டுதுக்குத்தாம்மா பென்சிலின். நீங்க மாத்தி நினைக்கிறீங்க."

"அப்படியா சார்? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

"புது டாக்டர்மா. மெஷின் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொன்னா அவர் என்ன நினைப்பாரு? அட்டையைப் பாத்துத்தானே எல்லாத்தையும் ஏத்துனோம். நீங்களே ரெண்டு தடவ சரி பாத்தீங்க. ஸ்கிரீன் சரிதான்."

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார்.

"வயசாயிடுச்சு போல சார் எனக்கு. மூளைக்கும் ஒரு மெஷின் வாங்கி மாட்டுங்க."

சேக் தாவூது எங்களிடம் வருகிற ஒரு மளிகைக்கடைக்காரர். அவர் வீட்டில் சம்சுன்னிசா என்று யாரும் இருக்கிறார்களா என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெயர் வாயில் வந்தது. மூன்று சம்சுன்னிசா என்பதும் அப்படித்தான்.

அவர் போனதும் டிராயரைத் திறந்து பார்த்தேன். பட்டியலில் இருபத்துமூன்றாவது பெயர். ரவூப் வீடு.

அதற்குப்பின் நர்ஸ் பென்சிலின் ஊசி போடும்வரை பதினொரு நிமிஷம் இருந்தது என்று பிறகு நடந்த விசாரணையில் கணக்கிட்டார்கள். நர்ஸ் அறை என் அறையிலிருந்து எட்டுத் தப்படி தூரம். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தொண்டைப் புண்ணுக்கு எல்லா டாக்டரும் பென்சிலின் போடுவதில்லை, வேறு மாத்திரை கொடுப்பவர்களும் உண்டு என்று நினைத்தேன். சின்ன வயதில் ஆகாமல் இருந்தது பெரியவர்களானதும் சிலருக்குச் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. என்ன மருந்து என்பது இப்போது தெரிந்துவிட்டது. பிலோமினம்மாளே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உடனே சம்சுன்னிசாவின் பதிவைத் திறந்து 'பென்சிலின்' என்று எழுதி, பட்டியலில் இருபத்துமூன்றாவது பெயரை அடித்தேன்.

ஒருவர் குறைந்தார் என்று மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. டாக்டர் கையில் இருந்த சீட்டு அதற்கு முன்பே அச்சானது என்பது நினைவில் இல்லாமல் இல்லை.

முதலில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நர்ஸ் கூப்பிட்ட சத்தம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சம்சுன்னிசாவின் உயிர் போய்விட்டது. ரவூப் கடையிலிருந்து ஓடிவந்து, கையில் கிரீஸோடு கவுன்டர் முன்னால் நின்றார். "இங்கதானே எழுதி வச்சிருக்கீங்க, அதனாலதானே வேற எங்கயும் கூட்டிட்டுப் போகல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தம் போடவில்லை. விலாசம் விசாரிக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அங்கே இருந்தபோது நான் என் அறைக்குப் போனேன். இப்போது பதிவில் பென்சிலின் என்று இருந்தது, சீட்டில் நில் என்று இருந்தது. இரண்டையும் யாராவது சேர்த்து வைத்துப் பார்த்தால் நேரத்தைப் பார்ப்பார்கள், நேரத்தைப் பார்த்தால் நான் எழுதியது தெரியும். அதனால் திரும்பவும் அழித்தேன். நான் இரண்டு முறை தொட்டதை மெஷின் குறித்துவைத்த வரிகளையும் எடுத்துவிட்டேன். பயிற்சியில் சம்சுன்னிசாவின் சிவப்புத் தாள் அழிந்தது பிலோமினம்மாளின் ஊழியர் எண்ணில். அந்த வரி இருந்தது. அந்த வரியில் 'பயிற்சி' என்று இருந்ததை 'நிஜம்' என்று மாற்றினேன்.

விசாரணையில் பழைய சோதனையையே செய்து காட்டினேன். பயிற்சியில் ஒரு பெயரை மாற்றினேன், நிஜத்தில் மாறவில்லை. இரண்டும் தனித்தனி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். திருத்திய பிறகு அது உண்மையும்கூட. அப்படியானால் அந்த அம்மாள் பயிற்சி என்று நினைத்து நிஜத்தில் அழித்துவிட்டார் என்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிலோமினம்மாள் அந்த வரியின் மேல் விரல் வைத்துப் படித்தார்.

"நான் நிஜத்துலயா சார் பண்ணிட்டேன்?"

"தெரியாமப் பண்றதுதாம்மா. புதுசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

"உங்ககிட்ட வந்து கேட்டேனே சார். நீங்க ஸ்கிரீன் சரின்னீங்க."

"ஸ்கிரீன்ல இருந்ததைத்தானே நான் சொல்ல முடியும்?"

"அதுவும் சரிதான் சார். அழிச்சவளே வந்து கேட்டா நீங்க என்ன செய்வீங்க?"

வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார். ரவூபிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தனியாகப் போக பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா என்றார். போனேன். கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தையல் மெஷின் மேல் ஒரு ரவிக்கை பாதி தைத்தபடி இருந்தது. பிலோமினம்மாள் தரையில் மண்டியிட்டுவிட்டார். ரவூப் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எந்திரிங்கம்மா. உங்க வயசுக்கு இப்படிச் செய்யலாமா? வேணும்னா செஞ்சீங்க?"

"என் கைதான்யா அழிச்சது."

"நான் அல்லா மேல பாரத்தப் போட்டுட்டேன்மா. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கும் இருக்காது. அவ உங்களை எப்பவும், அந்தச் சிவப்புப் பேப்பர் அம்மான்னுதான் சொல்லுவா."

தேநீர் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கூட வந்தீங்களே சார். யாரு வருவா?"

நான் தேநீரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அதிலிருந்து இரண்டு வருஷமாக என் வாழ்க்கை அந்தப் பட்டியல்தான் ஐயா. வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்த முதல் ஆறு பேரோடு சேர்த்து இதுவரை நாற்பத்தொரு பேரிடம், எதற்கோ படிவம் நிரப்புகிற மாதிரி, எந்த மருந்தாவது ஆகாதா என்று கேட்டு நிரப்பியிருக்கிறேன். அறுபத்தொன்றில் முத்துசாமியும் சம்சுன்னிசாவும் போக மிச்சம் பதினெட்டு. அவர்கள் வருவதில்லை. கம்பங்களை, பழைய கிராமக் குடியிருப்புகளை, இடித்ததில் பல பேர் வீடு மாறிவிட்டார்கள். பாக்கியலட்சுமி என்று ஒருவர், பாசிர் ரிஸ் கம்பத்தில் இருந்தவர். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடினேன். அங்கே செம்மண்ணும் லாரியும்தான் இருந்தன. தேங்காய் விற்ற ஒருவர், தம்பீனிஸ் பக்கம் போயிருப்பார்கள் என்றார். தம்பீனிஸில் பிளாக் பிளாக்காக ஏறி அஞ்சல் பெட்டிகளில் தமிழ்ப் பெயராகப் பார்த்தேன். நான் யாரோ ஒரு பெண்ணைத் தேடிப்போகிறேன் என்று உர்சுலா நினைக்கிறாள். பெயர் என்ன என்று கேட்டாள். சட்டைப் பையில் சீட்டைப் பார்த்திருக்கிறாள் போல.

காலையில் பத்திரிகை வந்தால் முதலில் மரண அறிவிப்புகளைப் பார்க்கிறேன். பதினெட்டுப் பெயர்களும் மனப்பாடம். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது, இருந்தாலும் பார்ப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்க்கிறேன். என்னால் முடியவில்லை ஐயா. சனிக்கிழமை அவர்கள் எல்லா அடுக்கையும் ஒழுங்காக நகலெடுப்பார்கள், நான் எழுதிக்கொடுத்த ஏழு வரிதான். வெறுமையையும் ஒழுங்காக நகலெடுத்துவிடும். அப்புறம் பாக்கியலட்சுமி பிடோக்கில் போய் உட்கார்ந்தால் அங்கே கவுன்டரில் நான் இருக்க மாட்டேன்.

பிலோமினம்மாளுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார், ரவூப் கொடுத்துவிட்டார். தினமும் காலைத் திருப்பலிக்கு வருகிறார், பெருநாளுக்கு ரவூப் வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு போகிறதாம். இரண்டு பேரும் எப்படியோ ஓர் ஆறுதலுக்கு வந்திருக்கிறார்கள். நாம் போய் அதைக் கலைப்பது பாவம்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டீர்கள். பதினெட்டுப் பெயரையும் நாளைக் காலைத் தமிழ்ப் பத்திரிகையில் போட்டு, சாயங்காலம் வானொலியில் ஒரு தடவை வாசித்தால் சனிக்கிழமைக்குள் எல்லோரும் வந்துவிட மாட்டார்களா, இரண்டு வருஷம் எதற்கு என்று.

வந்துவிடுவார்கள். ஒரே நாளில் வந்துவிடுவார்கள். அது எனக்கு அந்த வியாழக்கிழமையே தெரியும். முத்துசாமி போனதும், பட்டியலை அச்செடுத்து முடித்ததும் நான் முதலில் செய்த காரியமே அந்த அறிவிப்பை எழுதிப் பார்த்ததுதான். நாலு வரிதான் வந்தது. இன்னாருடைய பதிவுகள் அழிந்துவிட்டன, உடனே வந்து சொல்லவும். கடைசி வரியில் எப்படி அழிந்தன, யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பெயர் போட வேண்டியிருந்தது. என் பெயரைப் போட்டேன். படித்துப் பார்த்துவிட்டு மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அதற்குப்பின் சம்சுன்னிசா வருவதற்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

அதனால் பத்திரிகை வேண்டாம் ஐயா. ஆறு வாரம் மட்டும் வாங்கிக் கொடுங்கள். யார் பெயரும் வெளியே வராமல் நானே ஒவ்வொருவராகக் காப்பாற்றிவிடுகிறேன்.